கேஸ் களத்தைக் "கேட்க" போர் போடுவது எப்படி?

கேள்வி இது: திருச்செங்கோட்டில் ரிக் (போர் போடும் வண்டி) வைத்துத் தொழில் செய்பவர் ஒருவருக்கு, வடக்கே ஒரு இயற்கை எரிவாயு சேமிப்புக் களத்தைச் சுற்றி 300 அடியில் எட்டு போர் போட விலை கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் வேண்டாமாம், துளை நேராக இருக்க வேண்டுமாம், உள்ளே ஒரு கருவியை இறக்கிச் சிமெண்ட் பால் ஊற்ற வேண்டுமாம். "பூமியைக் கேட்பதற்கு" என்று சொன்னார்களாம். இது என்ன வேலை, வழக்கமான போருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், நம்ம ஊர்ப் பக்கம் இப்படிக் களம் வருமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு நீங்கள் தினமும் ஓட்டும் பாறையே பதில் சொல்லும். எரிவாயுவைக் கோடிக்கணக்கான கன மீட்டர் கணக்கில் பூமிக்குள் ஏற்றி இறக்க, ஸ்பாஞ்சு மாதிரி நுண்துளை உள்ள மணற்கல்லோ சுண்ணாம்புப் பாறையோ வேண்டும். அதன் மேல் கசிய விடாத களிப்பாறை மூடி போட்டது போல் உட்கார்ந்திருக்க வேண்டும். உலகில் பெரும்பாலான களங்கள் எடுத்துத் தீர்ந்த எண்ணெய், கேஸ் வயல்கள்தான். 1915ல் கனடாவின் ஒன்டாரியோவில் முதன்முதலாகச் செய்து பார்த்ததும் அப்படி ஒரு வயலில்தான். சங்ககிரி, பரமத்தி, காங்கேயம், பல்லடம் என்று எங்கே போட்டாலும் நமக்குச் சில அடி மண், அப்புறம் நைஸ், சார்னோகைட் என்று கடும்பாறை. தண்ணீரே வெடிப்பில்தான் ஒதுங்கி நிற்கிறது. அந்த வகைக் களத்துக்கு இங்கே இடமில்லை. பாறையைக் குடைந்து அறை செய்து சமையல் கேஸ் வைப்பது மட்டும் கடும்பாறையில் நடக்கும். விசாகப்பட்டினத்தில் 60,000 டன் கொள்ளும் அறை அப்படித்தான் இருக்கிறது. அங்கே சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தம்தான் கேஸை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அது தனிக் கணக்கு.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். சேமிப்புக் களத்தில் தேவை குறைந்த மாதங்களில் கேஸை அமுக்கி ஏற்றுவார்கள், தேவை கூடும்போது இறக்குவார்கள். வருஷா வருஷம் பாறைக்குள் அழுத்தம் ஏறி இறங்கும். நீங்கள் போர் ஓட்டும்போது கம்ப்ரஸர் காற்று வெடிப்பைத் தொட்டதும், இரண்டு தோட்டம் தள்ளி இருக்கும் பழைய போரில் தண்ணீர் கொப்பளித்து வெளியே அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெடிப்பு வழியாக அழுத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. ஆழத்தில் இருக்கும் பெரிய பிளவுகள் நகராமல் நிற்பதே, இரண்டு பக்கப் பாறையும் ஒன்றை ஒன்று இறுக அழுத்திக்கொண்டிருப்பதால்தான். உள்ளே அழுத்தம் ஏறினால் அந்தப் பிடி தளர்கிறது. வழுக்கத் தயாராக இருந்த பிளவு வழுக்குகிறது. வழுக்கும்போது எழும் அதிர்வைப் பிடிப்பதுதான் வேலை. வெடி வைத்து எதிரொலி கேட்பது எண்ணெய் தேடுகிறவர்கள் செய்வது. இங்கே நாம் சும்மா இருப்போம், பூமி எழுப்பும் ஒலியை மட்டும் கேட்போம்.

ஏன் இவ்வளவு செலவு செய்து கேட்க வேண்டும் என்பதற்கு ஸ்பெயினின் காஸ்தோர் களம் போதும். கிழக்குக் கடலில், கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, அம்போஸ்தா என்ற பழைய எண்ணெய் வயல். 2013 செப்டம்பரில் கேஸ் ஏற்றத் தொடங்கிய சில நாட்களில் சிறு அதிர்வுகள் வந்தன. மாத நடுவில் ஏற்றுவதை நிறுத்தினார்கள். நிறுத்தி இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் தொடக்கத்தில்தான் நிலநடுக்க அளவுகோலில் 4ஐத் தொட்ட பெரிய அதிர்வுகள் வந்தன. களத்தையே கைவிட்டார்கள். இழப்பீடாகக் கொடுத்த தொகை மட்டும் 135 கோடி யூரோ. வால்வை மூடிய பிறகும் உள்ளே போன அழுத்தம் பரவிக்கொண்டே இருந்தது என்பதை இதில் கவனிக்க வேண்டும். பெரியது வந்த பிறகு நிறுத்துவதில் பிரயோஜனம் இல்லை. மிகச் சிறியது வரும்போதே தெரிய வேண்டும்.

எவ்வளவு சிறியது? அளவு 2 அதிர்வு என்றால், பிளவில் தோராயமாக 160 மீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம் 2 மில்லிமீட்டர் வழுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். களத்தைக் கேட்பவர்கள் தேடுவது 0, மைனஸ் 1 போன்ற அளவுகளை. மைனஸ் 1 என்றால் வெறும் 5 மீட்டர் அகலத் துண்டு, ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு வழுக்கியது. அதுவும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில். மனிதர் யாருக்கும் தெரியாது, சாதாரண நிலநடுக்க நிலையத்துக்கும் தெரியாது. ஆனால் எண்ணிக்கையில் ஒரு ஒழுங்கு உண்டு. அளவு ஒன்று குறைந்தால் அதிர்வுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். அளவு 2ல் ஒன்று வரும் இடத்தில் 1ல் பத்து, 0ல் நூறு, மைனஸ் 1ல் ஆயிரம். ஒரே ஒரு புள்ளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆயிரம் புள்ளிகளைப் படத்தில் வைத்தால், எந்தப் பிளவு விழித்துக்கொண்டது, எந்தப் பக்கம் நகர்கிறது, மூடிப்பாறையை நோக்கி மேலே ஏறுகிறதா என்பது கோடு போட்டதுபோல் தெரியும்.

உங்கள் துளைக்கு வேலை இங்கேதான். அளவு ஒன்று குறைந்தால் தரை ஆடும் வீச்சும் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஆகவே கருவி இருக்கும் இடம் மேற்பரப்பைவிடப் பத்து மடங்கு அமைதியாக இருந்தால் ஒரு அளவு கீழே வரை கேட்கலாம், அதாவது பத்து மடங்கு அதிக அதிர்வுகள் கிடைக்கும். எவ்வளவு விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் ஆடுகிற இடத்தில் வைத்தால் இந்தப் பத்து மடங்கு கிடைக்காது. என் கணக்கில் இந்த வேலையில் பாதிக்கு மேல் துளையில்தான் இருக்கிறது.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது? நம்ம பக்கத்தை வைத்தே சொல்கிறேன். சோமனூரில் தறிக் குடோன் பக்கத்தில் கருவி வைத்தால், நிமிடத்துக்கு 120 முதல் 150 முறை அடிக்கும் விசைத்தறி 2 முதல் 2.5 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு இத்தனை அதிர்வு) அதன் மடங்குகளிலும் பதிவாகும். 1,440 சுற்று ஓடும் மோட்டார் 24 ஹெர்ட்ஸ், 2,880 சுற்று ஓடும் சப்மெர்சிபிள் 48 ஹெர்ட்ஸ். பல்லடம், உடுமலைக் காற்றாலை நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றினால், மூன்று இறக்கைக்கு 0.75 ஹெர்ட்ஸ். மும்முனை மின்சாரம் வந்ததும் தோட்டத்து மோட்டார்கள் ஒன்றாக எழும். பதிவில் படி ஏறியது போல் அந்த நிமிடம் தெரியும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் மோட்டாரே இல்லாவிட்டாலும், காற்றடித்தால் மரம் ஆடி வேர் தரையை ஆட்டும். நீங்கள் போகிற ஊரில் தறி இருக்காது, ஆனால் லாரி இருக்கும், கேஸ் ஏற்றும் கம்ப்ரஸரே களத்துக்குள் இருக்கும். நமக்கு மிக மோசமான எதிரி அதுதான், ஏனென்றால் கேட்க வேண்டிய நேரத்தில்தான் அதுவும் ஓடும்.

இந்த ஆட்டத்தில் பெரும்பகுதி மேற்பரப்பை ஒட்டி ஓடும் அலை. ஓர் அலைநீளத்துக்குக் கீழே போனால் நன்றாக அடங்கிவிடும். மண்ணில் நொடிக்கு 500 மீட்டர் ஓடும் 10 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 மீட்டர். 300 அடி என்பது அதில் ஏறக்குறைய இரண்டு அலைநீளம். அவர்கள் 300 என்று சொன்னதற்குக் காரணம் இப்படி ஒரு கணக்காகத்தான் இருக்கும். நம்ம கடும்பாறையில் அதே அலை 2,500 மீட்டர் வேகத்தில் ஓடினால் நீளம் 250 மீட்டர் ஆகிவிடும், 300 அடி போதாது. ஆழம் எவ்வளவு என்பதை ஊர் முடிவு செய்கிறது. ஆகவே முதல் துளையைப் போட்டதும், அடியிலும் மேலேயும் கருவி வைத்து ஒரு நாள் முழுக்கப் பதிவெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மீதி ஏழின் ஆழத்தை அதற்கப்புறம் முடிவு செய்வது உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

விலை சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பாறையா, மண்ணா? கேஸ் களம் இருப்பது படிவுப் பாறை நிலத்தில். மேலே நூற்றுக்கணக்கான அடி மணலும் களியும் இருக்கலாம். அங்கே காற்றும் ஹேமரும் (காற்றால் இடித்துத் துளைக்கும் கருவி) கொண்டு போனால் துளை சரிந்துகொண்டே வரும். பென்டோனைட் (தண்ணீரில் ஊறி உப்பும் களிமண்) சேற்றைச் சுற்ற விட்டு ஓட்டும் ரோட்டரி ரிக் வேண்டும். ஹேமர் வண்டியை மட்டும் நம்பி விலை சொல்லிவிட்டு அங்கே போய் நிற்க வேண்டாம். பக்கத்தில் ஏற்கனவே போட்ட துளைகளின் மண் விவரத்தை எழுத்தில் வாங்குங்கள்.

துளையின் அகலம் 6½ இன்ச் சரியாக இருக்கும். கருவிக் குழல் வழக்கமாக 2 முதல் 3 இன்ச் தடிமன். அதன் பக்கத்தில் சிமெண்ட் பால் இறக்கும் ஒன்று அல்லது ஒன்றேகால் இன்ச் ஹெச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் பைப்பும் கேபிளும் போக வேண்டும். 4½ இன்ச்சில் போட்டால் இவை ஒன்றோடு ஒன்று சிக்கி, பாதியில் நின்றுவிடும்.

நேராக இருக்க வேண்டும் என்று அவர்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கருவியின் உள்ளே இருக்கும் சுருள். ஜியோபோன் என்பது ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச் சுருளும் அதன் நடுவில் நிற்கும் காந்தமும்தான். கருவிக்குள் செங்குத்தாக ஒன்று, கிடைமட்டமாக இரண்டு என மூன்று சுருள் இருக்கும். 4.5 ஹெர்ட்ஸ் வகை மெல்லிய ஸ்பிரிங் கொண்டது. சில டிகிரி சாய்ந்தாலே கிடைமட்டச் சுருள் ஒரு பக்கம் போய் முட்டி நின்றுவிடும், அப்புறம் அது செத்த கருவி. 15 ஹெர்ட்ஸில் எந்தச் சாய்விலும் வேலை செய்யும் வகை உண்டு. எது இறங்கப் போகிறது என்று கேட்டுவிட்டு, சாய்வுக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். 3 டிகிரி சாய்ந்தால் 300 அடியில் துளையின் அடி கிட்டத்தட்ட 16 அடி தள்ளிப் போயிருக்கும். நைஸ் பாறையில் அடுக்குச் சாய்வு பிட்டை (துளைக்கும் முனையை) தன் பக்கம் இழுக்கும், தேய்ந்த பிட் அதற்கு இன்னும் இடம் கொடுக்கும், அவசரப்பட்டு அழுத்தினால் ராடு வளையும். முதல் 50 அடியை நிதானமாக ஓட்டுவதும், மாஸ்ட்டை (ரிக்கின் நிமிர்ந்த கோபுரத்தை) ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும், ஹேமருக்கு மேலே துளை அகலத்துக்குப் பொருந்தும் வழிகாட்டிக் குழாய் போடுவதும்தான் மருந்து. முடித்ததும் சாய்வு அளக்கும் கருவியை இறக்கி அளந்து கொடுக்க வேண்டும். கண்ணாடியில் வெயிலைத் திருப்பி அடித்துப் பார்ப்பதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தண்ணீர் வந்தால் சந்தோஷப்படுகிற தொழில் நம்முடையது. இந்தத் துளையில் தண்ணீர் ஓட்டம் வந்தால் கவலைப்பட வேண்டும். ஓடும் வெடிப்பு சிமெண்ட் பாலைக் கெட்டியாகும் முன்பே கழுவிக்கொண்டு போய்விடும். பார்ப்பதற்குத் துளை நிரம்பியது போல் இருக்கும், கருவியைச் சுற்றி வெற்றிடம் இருக்கும். அப்படி ஓட்டம் வந்தால் அந்த இடத்தைத் தனியாகச் சிமெண்ட் போட்டு அடைத்து, மறுபடி துளைத்துப் போக வேண்டும். இல்லையென்றால் கேசிங் (துளைச் சுவரைத் தாங்கும் குழாய்) இறக்கி மூட வேண்டும். கருவி உட்காரும் அடிப்பகுதி, கடைசி வெடிப்புக்குக் கீழே குறைந்தது 30 அடி முழுப் பாறையாக இருந்தால் நல்லது. அந்த இடத்தில் வெளியே வரும் தூளை அடிக்கு அடி எடுத்துப் பையில் போட்டு, ஆழம் எழுதிக் கொடுங்கள். பின்னால் அலை வேகம் கணக்குப் போடுகிறவருக்கு அது பெரிய உதவி.

ஆழம் முடிந்ததும் கழுவி விடுவதில் கஞ்சத்தனம் கூடாது. அடியில் இரண்டு அடி சேறு நின்றால் கருவி அந்தச் சேற்றில் மெத்தையில் படுப்பது போல் படுத்துக்கொள்ளும். பாறை ஆடுவது அதற்கு எட்டாது. தேவையான ஆழத்துக்கு மேல் 10 அடி கூடுதலாகப் போட்டு, தெளிவாக வரும் வரை கழுவி, குண்டு கட்டிய டேப்பால் ஆழத்தை அளந்து பாருங்கள். மறுநாள் காலை இன்னொரு முறை அளக்க வேண்டும். ராத்திரியில் உதிர்ந்தது எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும்.

இறக்கும்போது கருவியின் எடை முழுவதும் துருப்பிடிக்காத இரும்புக் கயிற்றில் தொங்க வேண்டும். கேபிளில் தொங்கக் கூடாது. கேபிளைக் கயிற்றோடு ஆறடிக்கு ஒரு கட்டாகத் தளர்வாகக் கட்டி வர வேண்டும். மேலே இருக்கும்போது, பாதி ஆழத்தில், அடியில் என்று மூன்று முறை மூன்று சுருள்களின் ஓம் அளவையும் (மின்தடை) மீட்டரில் பார்த்து எழுதுங்கள். மூன்றும் ஒத்துவந்தால்தான் சிமெண்ட் கலக்க ஆள் போக வேண்டும். சிமெண்ட் ஊற்றிய பிறகு கண்டுபிடிக்கும் பழுதுக்கு வேறு வைத்தியம் இல்லை, பக்கத்தில் இன்னொரு துளைதான்.

சிமெண்ட் பால் கணக்கு: 6½ இன்ச் துளையில் 100 மீட்டருக்கு, அதாவது சுமார் 330 அடிக்கு, கொள்ளளவு 2,140 லிட்டர். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் கலந்தால் சுமார் 41 லிட்டர் பால் கிடைக்கும். முழுத் துளைக்கு 52 மூட்டை. வெடிப்பில் போவதற்கும் சேர்த்து 60 மூட்டை வைத்திருங்கள். அடியில் 10 மீட்டர் மட்டும் நிரப்பினால் போதும் என்றால் ஆறு மூட்டை. மேலிருந்து ஊற்றக் கூடாது. தண்ணீருக்குள் விழும்போது சிமெண்ட் கரைந்து பிரிந்து, அடியில் மணல் போன்ற கசடும் மேலே நுரையுமாக நிற்கும். பைப்பை அடிவரை இறக்கி, கீழிருந்து மேலே பம்பில் ஏற்ற வேண்டும். பைப்பின் வாய் எப்போதும் பாலுக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். தண்ணீரைத் தாராளமாக விட்டால் பம்ப் சுலபமாக ஓடும், ஆனால் இறுகும்போது தண்ணீர் மேலே பிரிந்து பால் கீழே சுருங்கும். கருவியின் தலைப்பக்கம் இடைவெளி விழும். சிமெண்டின் எடையில் 2 முதல் 5 சதவீதம் பென்டோனைட் சேர்த்தால் இது குறையும். பென்டோனைட்டை முதலில் தண்ணீரில் ஊறவிட்டு அப்புறம் சிமெண்ட் போடுங்கள். களிமண் நிலத்தில் வெறும் சிமெண்ட் சுற்றியுள்ள மண்ணைவிட மிகக் கடினமாகிவிடும், அதனால் அங்கே பென்டோனைட் பங்கு கூட வேண்டும். அந்த விகிதத்தை அவர்களே எழுதிக் கொடுக்கட்டும்.

இதில் இரண்டு இடத்தில் கை சுடும். இந்தக் கலவையின் எடை தண்ணீரைப் போல் 1.8 மடங்கு. 100 மீட்டர் நின்றால் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 18 கிலோ அழுத்தம். கருவியின் சீல் அதைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பி.வி.சி. கேசிங்குக்கு வெளியே ஊற்றுவதாக இருந்தால் உள்ளே தண்ணீர் நிரப்பாமல் ஊற்றாதீர்கள். வெறும் குழாய் நசுங்கிவிடும். சிமெண்ட் இறுகும் சூட்டில் பி.வி.சி. இளகியும் இருக்கும் என்பதால் ஒரே மூச்சில் முழுவதும் ஊற்றாமல் இரண்டு மூன்று கட்டமாக, இடையில் ஒரு நாள் விட்டு ஊற்றுவது பாதுகாப்பு.

சிமெண்டுக்குப் பதிலாக ஜல்லியோ துளைத் தூளோ போட்டு நிரப்பலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். உதிரிப் பொருள் ஒவ்வொரு அதிர்வுக்கும் தானும் சேர்ந்து ஆடும். துளையைத் தண்ணீரோடு அப்படியே விட்டாலும் வம்பு: மேலே லாரி போனால், அந்த அதிர்வு தண்ணீர்த் தூண் வழியே குழாயில் ஊதியது போல் அடிவரை இறங்கும். பல நேரம் உண்மை அதிர்வைவிட அது பெரிதாகப் பதிவாகும். கருவியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றால், கேசிங் சுவரில் கை விரித்துக் கவ்விக்கொள்ளும் வகை இருக்கிறது. விலை அதிகம், பிடி சிமெண்டுக்கு ஈடாகாது, ஆனால் பழுதானால் மேலே எடுக்கலாம்.

துளையும் சிமெண்டும் முடிந்த பிறகு உங்கள் ஆட்களுக்கு இன்னொரு வேலை இருக்கும், அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவி இறங்கும்போது சுழன்றுகொண்டே போகும். கிடைமட்டச் சுருள்கள் இரண்டும் எந்தத் திசை பார்த்து நிற்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, துளையைச் சுற்றி நான்கு திசையிலாவது, 100 முதல் 300 மீட்டர் தூரத்தில், இடத்தை அளந்து குறித்து, கனமான இரும்பு எடையை விழவிட வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் பத்து இருபது முறை அடித்துச் சேர்த்துப் பார்த்தால் முதல் அலை வந்த திசை தெரியும். பின்னாளில் தூர தேசத்தில் பெரிய நிலநடுக்கம் வரும்போது எட்டுத் துளையிலும் ஒரே மாதிரி அலை வர வேண்டும். ஒன்றில் மட்டும் தலைகீழாக வந்தால் கம்பி மாற்றிக் கட்டியிருக்கிறது. இதை எல்லாக் களத்திலும் வழக்கமாகச் செய்தால் எத்தனையோ தவறான படங்கள் மிச்சமாகும்.

மேலே இருக்கும் பெட்டியில் பதிவுக் கருவி, ஜி.பி.எஸ். ஆண்டெனா, பேட்டரி. ஜி.பி.எஸ். எதற்கென்றால் மணி பார்க்க. பாறையில் அலை நொடிக்கு 5.8 கிலோமீட்டர் ஓடினால், ஆயிரத்தில் ஒரு நொடி தப்பினாலே ஏறக்குறைய 6 மீட்டர் தப்பு. ஜி.பி.எஸ். விட்டுப்போன சாதாரணக் கடிகாரம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஓடி முந்தினால், ஒரு நாளில் 86 மில்லிநொடி, அதாவது அரை கிலோமீட்டர். மின்சாரம் 5 வாட் என்றால் நாளுக்கு 120 வாட்மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர்மணி பேட்டரியைப் பாதி வரை மட்டும் இறக்கினால் ஐந்து நாள் தாங்கும். சோலார் பலகை 100 வாட்டுக்குக் குறையாமல் வையுங்கள், அதன் கம்பத்தைத் துளையிலிருந்து 10 மீட்டர் தள்ளி நடுங்கள். காற்றில் கம்பம் ஆடினால் அதுவும் பதிவாகும். சித்திரை இடி ஒன்று போதும் எட்டுப் பெட்டியையும் எரிக்க, அதனால் எர்த்திங்கிலும் இடி தாங்கியிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். தரைக்கு மேலே தெரியும் கேபிள் முழுவதும் இரும்புக் குழாய்க்குள் இருக்க வேண்டும், எலி விடாது.

எட்டுத் துளையை எங்கே போடுவது என்பது அவர்கள் முடிவு. ஆனாலும் நிலம் கிடைக்கவில்லை என்று எல்லாவற்றையும் ஒரே பக்கம் நகர்த்தச் சொன்னால், நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அதிர்வு எங்கே நடந்தது என்பதை, வேகமாக வரும் முதல் அலைக்கும் பின்னால் வரும் இரண்டாம் அலைக்கும் உள்ள இடைவெளியை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். கடும்பாறையில் கால் நொடி இடைவெளி என்றால் தூரம் 2 கிலோமீட்டர். தூரம் தெரியும், எல்லாப் பக்கமும் கருவி இருந்தால்தான் இடம் தெரியும். ஆழம் சரியாக வர, குறைந்தது ஒரு துளையாவது களத்தின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். காஸ்தோரில் நிலையங்கள் பெரும்பாலும் கரையில், ஒரே பக்கத்தில் இருந்தன. அதிர்வுகள் கேஸ் இருக்கும் 2 கிலோமீட்டர் ஆழத்திலா, அதற்கும் கீழே பல கிலோமீட்டரிலா, எந்தப் பிளவில் என்று ஆய்வாளர்களுக்குள் பின்னாளிலும் ஒத்த கருத்து வரவில்லை.

வேலையை எப்போது முடிக்கச் சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கேஸ் ஏற்றத் தொடங்கும் முன்பே ஒரு வருஷமாவது கேட்டு வைத்திருக்க வேண்டும். இத்தாலி 2014ல் வகுத்த வழிமுறை அப்படித்தான் சொல்கிறது. ஏனென்றால் பூமி தானாகவும் ஆடும். கோயமுத்தூரில் 1900 பிப்ரவரி 8 அன்று அளவு 6ஐ ஒட்டிய நிலநடுக்கம் வந்தபோது இங்கே எந்தக் களமும் கிடையாது. முன்பே கேட்டு வைக்காவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு அதிர்வுக்கும் "இது கேஸால் வந்ததா, இயற்கையா" என்ற சண்டை தீராது. பாதிக்கப்படுவது களத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள்தான், அவர்களுக்குப் பதில் சொல்ல அந்த ஒரு வருஷப் பதிவு இருந்தே ஆக வேண்டும். குவாரி வெடியும் இதில் கலக்கும். கரூர்ப் பக்கம் போல வெடி வைக்கும் ஊரில், வந்த அதிர்வுகளை மணிவாரியாக எண்ணிப் பார்த்தாலே பாதி தெளிந்துவிடும்: வெடிகள் பகலில் குறிப்பிட்ட சில மணியில் குவியும், உண்மை அதிர்வு ராத்திரி பகல் பார்க்காது. வெடியில் தரை முதலில் எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். பிளவு வழுக்கினால் சில பக்கம் தள்ளும், சில பக்கம் இழுக்கும்.

இந்தக் கேட்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று யாராவது ஊர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். 2015 அக்டோபரில் கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன் களத்தில் ஏறக்குறைய 97,000 டன் மீத்தேன் நான்கு மாதமாக வெளியேறியது. காரணம் துருப்பிடித்து உடைந்த கேசிங், சுமார் 890 அடியில். நீங்கள் வழக்கமாக ஓட்டும் ஆழம்தான் அது. 2001 ஜனவரியில் அமெரிக்காவின் ஹட்சின்சன் ஊரில் உப்பறையிலிருந்து (உப்புப் பாறைக்குள் குடைந்த அறை) கேசிங் ஓட்டை வழியே தப்பிய கேஸ் 11 கிலோமீட்டர் பூமிக்குள்ளேயே போய் ஊருக்குள் வெடித்து இருவர் இறந்தார்கள். பாறை உடையாமல் கேஸ் மட்டும் கசிந்தால் ஜியோபோனுக்கு எதுவும் கேட்காது. அதற்குக் கேசிங் இடைவெளியின் அழுத்தத்தையும் கிணற்றின் வெப்பத்தையும் தனியாக அளக்க வேண்டும். மாறாக, 2012ல் லூசியானாவின் பாயூ கோர்ன் ஊரில் உப்பறைச் சுவர் சரிந்து பெரும் பள்ளம் விழுவதற்குச் சில வாரம் முன்பே சிறு அதிர்வுகளும் தண்ணீரில் குமிழ்களும் வந்தன. பாறை உடையும் இடத்தில் இந்தக் காது நன்றாகவே கேட்கும்.

விலைக் கடிதத்தில் அடிக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதாதீர்கள். துளைப்பது ஒரு விலை, வெடிப்பை அடைத்து மறுபடி துளைப்பது தனி விலை, சிமெண்ட் மூட்டைக் கணக்கில், சாய்வு அளப்பது தனி, இரும்பு எடையை விழவிடும் நாட்கள் தனி, காத்திருக்கும் நாளுக்கு வண்டி வாடகை தனி. சாய்வு எல்லையைத் தாண்டினால் மறு துளை யார் செலவு என்பதும், கருவி பழுதென்றால் அது இறக்கும் முன்பா பின்பா என்று முடிவு செய்ய அந்த ஓம் அளவுத் தாளில் இரு தரப்பும் கையெழுத்துப் போடுவதும் கண்டிப்பாக இருக்கட்டும். கைவிடும் துளை எதுவானாலும் அன்றைக்கே அடிவரை சிமெண்ட் ஊற்றி மூடிவிட்டு வாருங்கள். மற்ற துளைகளுக்கு, கருவி வரும் வரை ஒவ்வொரு ராத்திரியும் இரும்பு மூடியும் பூட்டும் போடுவதை உங்கள் ஆட்களில் ஒருவரின் பொறுப்பாகவே எழுதி வையுங்கள்.